அத்தைக்கு என்ன கொடுப்பது?

பிறருக்குப் பரிசுப் பொருள் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. என் திருமணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்களுள் இரண்டு இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் பரணில் கிடக்கின்றன. மூன்றாவது ஒன்றும் இருந்தது. அதற்குப் புதிதாக வண்ணத்தாள் சுற்றி ஒரு திருமண வரவேற்புக்கு எடுத்துப் போனேன். மண்டப வாசலில் நின்று கைகூப்பி வரவேற்ற மணப்பெண்ணின் தகப்பனாரைக் கண்டதும்தான், அந்தக் கடிகாரத்தை எனக்குக் கொடுத்தவரே அவர் என்பது நினைவுக்கு வந்தது. நண்பரின் காரிலேயே அதை விட்டுவிட்டு, உறையில் 101 ரூபாய் போட்டுக் கொடுத்துத் தப்பித்தேன்.

நம் பெரியவர்கள் இந்தச் சங்கடத்துக்கே இடம் வைக்கவில்லை. மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை. பாத்திரமாகக் கொடுப்பதென்றால் அதன் விளிம்பில் கொடுப்பவரின் பெயரையும் தேதியையும் வெட்டிக் கொடுத்தார்கள். பெறுகிறவருக்கு என்ன பிடிக்கும் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. கொடுத்தவர் யார் என்பது மறக்காமலிருந்தால் போதும், திருப்பிச் செய்யும் முறை வரும்போது உதவும்.

ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1993-இல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தாம் பெற்ற பரிசுகளுக்குத் தம் கைக்காசைப் போட்டு எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று மாணவர்களைக் கேட்டுக் கணக்கிட்டதில், பரிசுகளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கைமாறும்போதே அழிந்துபோகிறது என்ற முடிவுக்கு வந்தார். நண்பர்கள் கொடுத்தவற்றில் இழப்பு குறைவு. தூரத்து உறவினரும் வயதில் மிக மூத்தவர்களும் கொடுத்தவற்றில் அதிகம். பொருளின் மீதுள்ள உணர்வு சார்ந்த மதிப்பைக் கழித்துவிட்டுச் சொல்லும்படி அவர் மாணவர்களைக் கேட்டுக்கொண்டார் என்பதையும் குறிப்பிடவேண்டும். அதைக் கழித்தபின் மீதி என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். எனக்கோ அந்தக் கணக்கு நியாயமானதாகவே பட்டது. நான் வாங்கிக் கொடுத்த பரிசுகளை வரிசையாக எண்ணிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு என்பது கருணையான மதிப்பீடு.

2015-ஆம் ஆண்டு ஆவணி மாதம் என் அத்தைக்கு எண்பது வயது நிறைந்தது. அப்பாவின் மூத்த சகோதரி. அத்தை ஆணாகப் பிறந்திருந்தால், அல்லது மாமா உயிரோடு இருந்திருந்தால், சதாபிஷேகம் நடந்திருக்கும். கும்பம் வைத்து, பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டியிருப்போம். கணவனை இழந்தவர் என்பதால் அப்படி எதுவும் கிடையாது. தஞ்சாவூரில் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடி மதியச் சாப்பாடு சாப்பிடுவதென்றும், அவரவர் விருப்பப்படி அத்தைக்கு எதையேனும் வாங்கி வரலாமென்றும் முடிவாயிற்று. எல்லோரும் புடவை வாங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவை சாம்பல், வெளிர் பழுப்பு, மங்கிய நீலம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒரு நிறத்தில் இருக்கும் என்பதும் தெரியும். முப்பது ஆண்டுகளாக அத்தையின் புடவை நிறத்தை அத்தையைத் தவிர மற்ற எல்லோரும் தீர்மானித்து வந்தார்கள்.

எனக்கு மட்டும் இம்முறை என்ன வாங்குவது என்ற குழப்பமே இல்லை. 19 ஆண்டுகளாகத் தீர்க்காமல் வைத்திருந்த கடன் ஒன்று இருந்தது.

அத்தையிடம் 'பொன்னியின் செல்வன்' இருந்தது. இன்று எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கிற பதிப்பைச் சொல்லவில்லை. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வெளியானபோது, மணியத்தின் ஓவியங்களோடு கத்தரித்துச் சேர்த்து, ஐந்து பாகங்களாக பைண்டு செய்து வைத்திருந்த தொகுதிகள். தொடர் ஆரம்பித்தபோது அத்தைக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. முதுகில் கருப்புக் காலிகோ துணியும் அட்டையில் அலையலையான வண்ணத்தாளும் ஒட்டியிருந்த அந்தத் தொகுதிகளைத் திறந்தால் ஒரு வாசனை வரும். பூச்சி வராமலிருக்க பைண்டிங் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள் என்பதால் வருவது என்று அத்தை சொல்வார். மயில்துத்தத்துக்கு வாசனை உண்டா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். சிறுவயதில் எங்கள் யாருக்கும் அவற்றைத் தொட அனுமதி கிடையாது. அத்தையே மடியில் வைத்துப் பக்கம் புரட்டுவார். நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படம் பார்க்கவேண்டும்.

மாமா இறந்தபிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு அத்தை மாயவரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பெட்டியின் முக்கால் பாகம் அந்த ஐந்து தொகுதிகள்தாம். 1996-இல் மாயவரத்து வீடு விற்கப்பட்டது. அப்பாவும் அத்தையும் முன்கூட்டியே தஞ்சாவூருக்குப் போய்விட, வீட்டை ஒழித்துச் சாவியை ஒப்படைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு 27 வயது. சென்னையில் வேலை, இரண்டே நாள் விடுப்பு. லாரியில் இடமில்லை. "பெட்டியைப் பத்திரமா கொண்டாந்துடுப்பா" என்று அத்தை சொல்லியிருந்தார். பெட்டியைக் கொண்டு சென்றேன். அதன் கனத்தைக் குறைப்பதற்காக உள்ளே இருந்தவற்றைப் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்தேன். கிலோ மூன்று ரூபாய். அந்தக் கதைதான் கடைகளில் கிடைக்கிறதே, புதிதாக ஒரு செட் வாங்கிக் கொடுத்துவிட்டால் போகிறது என்று நினைத்தேன். அந்த வயதில் நான் சிற்றிதழ் வாசகன் வேறு. தொடர்கதை என்றாலே உதட்டைப் பிதுக்கும் பழக்கம் இருந்தது. கிலோக்கணக்கில் போட அந்த அலட்சியமும் துணை நின்றது என்பதை மறைப்பதற்கில்லை.

அத்தையிடம் கரையான் அரித்துவிட்டது என்றேன். "அப்படியா" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. புதிய செட்டும் நான் வாங்கிக் கொடுக்கவில்லை.

ஆகவே எண்பதாவது பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே தேடத் தொடங்கினேன். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்திருந்தால் இந்த வேலை எளிதாக முடிந்திருக்கும் என்று பழைய புத்தகப் பிரியர்கள் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதைகளில் அலைந்தேன். பாரதி சாலை என்று பெயர் மாற்றி எவ்வளவோ காலமாகியும் பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்கு அது பைகிராப்ட்ஸ் சாலைதான். பிற்காலத்தில் 'கல்கி' அதே கதையை மீண்டும் வெளியிட்டபோது வேறு ஓவியர்கள் படம் வரைந்தார்கள். அந்தத் தொகுப்புகள் இரண்டு கிடைத்தன, வேண்டாமென்றேன். மணியம்தான் வேண்டும், 1950-தான் வேண்டும். கடைசியில் ஒரு வியாபாரி தம் வீட்டிலிருந்து எடுத்து வந்து காட்டினார். ஐந்து பாகம். பக்கத்தின் ஓரங்கள் வறுத்த அப்பளத்தின் நிறத்துக்கு வந்திருந்தன, தொட்டால் உதிரும் பதம். ஆனால் முழுசாக இருந்தது. 6,000 ரூபாய் கேட்டார். நான் பேரம் பேசவில்லை. முதல் பாகத்தின் உள்ளட்டையில் நீல மையில் ஒரு பெண்ணின் பெயர், கீழே லால்குடி என்று ஊர். ஆங்காங்கே பென்சிலில் பால் கணக்கு.

இந்த ஆறு மாதத்தில் எத்தனை பேரிடம் இந்தத் தேடலைச் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அலுவலகத்தில் சொன்னேன், இலக்கிய நண்பர்களிடம் சொன்னேன், விலையையும் சேர்த்தே சொன்னேன். எல்லோரும் மெச்சினார்கள். அத்தைக்குத் தெரியாத ஒரே விஷயம் அதுவாகத்தான் இருந்தது.

பிறந்தநாளன்று சாப்பாடு முடிந்து புடவைகள் எல்லாம் கைமாறியபின் நான் ஐந்து தொகுதிகளையும் அத்தையின் முன்னால் வைத்தேன். அத்தை அட்டையைத் தடவினார். முதுகுத் துணியை விரலால் நெடுக நீவினார். முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு முதல் தொகுதியைத் திறந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, "இதுல என்ன எழுதியிருக்கு, படிப்பா" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. உள்ளட்டையில் இருந்தது மிகத் தெளிவான, பெரிய எழுத்து.

அத்தைக்கு எழுத்து தெரியாமல் போய் இரண்டு வருடமாகியிருந்தது. முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி பழுதாகும் நோய். பார்வையின் ஓரம் நன்றாக இருக்கும். நட்டநடுவில் மட்டும் ஒரு மங்கல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் நடமாட முடியும், காய் நறுக்க முடியும், வாசலில் கோலம்கூடப் போட முடியும். எதிரே இருப்பவரின் முகமும் அச்செழுத்தும்தான் தெரியாது. அத்தை யாரிடமும் சொல்லவில்லை. கண்ணுக்குப் புரை விழுந்திருக்கும் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் நான் நான்கு முறை தஞ்சாவூர் போயிருந்தேன். ஒவ்வொரு முறையும் அத்தை என்னை நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பார்ப்பதைக் கவனித்தேன். என் பொய் தெரிந்துவிட்டது, அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று நானாகவே பொருள் கொண்டேன். மடித்தது மடித்தபடி கூடத்தில் கிடந்த செய்தித்தாள் என் கண்ணில் படவே இல்லை.

படிக்க முடியாதவருக்கு இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் வாங்கி வந்திருந்தேன்.

உள்ளட்டையில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். அத்தை அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "பாவம், அந்தப் பொண்ணோடதையும் யாரோ எடைக்குப் போட்டுட்டாங்க போல" என்றார்.

கூடத்தில் வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அத்தையே தொடர்ந்தார்: "ஏம்ப்பா, செல் அரிச்ச தாள்ல கடைக்காரர் எப்படிப் பொட்டலம் கட்டுனாரு?"

நடந்தது இதுதான். வீட்டை ஒழித்த அந்த ஆண்டு ஐப்பசிக் கடைமுழுக்குக்கு அத்தை மாயவரம் போய்ப் பழைய அண்டை வீட்டில் தங்கியிருந்தார். கடையில் பொட்டுக்கடலை வாங்கினார். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே மணியத்தின் ஓவியத்தில் பாதி. தாளின் மூலையில் தாத்தாவின் கையெழுத்தில் பென்சிலால் எழுதிய ஒரு தேதி. அத்தை கடலையை டப்பாவில் கொட்டிவிட்டுத் தாளை நீவி எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்த நாளும் அதே கடைக்குப் போய் வேண்டாத சாமான்களாக நான்கைந்து வாங்கிப் பார்த்தாராம். மற்றவையெல்லாம் தினசரித் தாளில்தான் வந்தன.

தாத்தாவின் தேதி அங்கே எப்படி வந்தது என்று கேட்டேன். அத்தை சிரித்தார். நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக அந்தப் புத்தகத்தைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன்.

1953-இல் அத்தைக்குத் திருமணமாகி மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனார். கதை அப்போது இன்னும் முடியவில்லை. புகுந்த வீட்டில் பத்திரிகை வாங்கும் வழக்கம் கிடையாது. வாங்கச் சொல்லிக் கேட்கும் வழக்கமும் மருமகள்களுக்குக் கிடையாது. அத்தைக்கு வரும் கடிதங்களை மாமனார் முதலில் பிரித்துக் கூடத்தில் உரக்கப் படித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். இரண்டாவது வாரம் ஒரு நீளமான பொட்டலம் வந்தது. பிரித்தால் 'பொன்னியின் செல்வன்' பக்கங்கள், கத்தரித்து மடித்து. அனுப்பியவர் தாத்தா. நெல் கணக்கு நோட்டைத் தவிர வேறெதையும் அவர் படித்து யாரும் பார்த்ததில்லை. கதை படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் அவரேதான். அத்தை அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. பத்திரிகை வரும் நாளில் மகள் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தபடி நிற்பதை மூன்று வருடம் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். மகள் போனபிறகும் பத்திரிகையை நிறுத்தாமல் வாங்கினார்.

அந்தப் பொட்டலம் புக் போஸ்ட்டில் வந்தது. தபால் துறையின் அன்றைய விதிப்படி புக் போஸ்ட்டில் அச்சடித்த தாள் மட்டும்தான் போகலாம். கடிதம் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது, சோதித்துப் பார்க்க வசதியாக உறையை ஒட்டாமல் விடவேண்டும். கட்டணமும் குறைவு. ஆகவே தாத்தாவால் "சௌக்கியமா" என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுத முடியவில்லை. மூலையில் தேதியை மட்டும் பென்சிலில் போட்டார். உள்ளே கடிதம் இல்லாததால் மாமனாருக்கும் அதில் அக்கறை இல்லை. அது நேராக அத்தையின் கைக்கு வந்தது. மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பாராம். "எழுத்துல ஒண்ணுமில்ல. ஆனா தேதியப் பாத்தா, இன்னிக்கி அப்பா கத்தரிக்கோல எடுத்துக்கிட்டு உக்காந்திருக்காருன்னு தெரியும்" என்றார். கதை முடியும் வரை ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைப் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறோம். சாவை விலக்கும் அருங்கனி என்பதே எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அந்தக் கனியின் சிறப்பைச் சொல்லாமல் தன் மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு அதியமான் அதைக் கொடுத்தான் என்பதையும் ஔவையார் புறநானூற்றுப் பாடலில் குறிப்பிடுகிறார். அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஆறு மாதமாக நான் ஊரெல்லாம் பறையடித்துச் சேர்த்த அந்த ஐந்து தொகுதிகளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவற்றைத் திருப்பி எடுத்துப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

"நாந்தான் அத்த எடைக்குப் போட்டேன்" என்றேன். "தெரியும்ப்பா" என்றார். பிறகு, "எவ்வளவு கெடைச்சுது?" என்று கேட்டார். நாற்பத்தேழு ரூபாய் என்றேன். "பரவாயில்லயே, நல்ல கனம்தான்" என்றார். கோபமா, கேலியா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. இரண்டுக்கும் அவருக்கு உரிமை இருந்தது.

அன்று மாலை சென்னைக்குக் கிளம்பும்போது, வேறு என்ன வேண்டும் அத்தை என்று கேட்டேன். எண்பது வருடத்தில் அவரிடம் அப்படி யாரும் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. இரண்டு விஷயங்கள் சொன்னார். அரக்குச் சிவப்பில் ஒரு சுங்குடிப் புடவை. நிறத்தைச் சொல்லிவிட்டு என் பக்கமாகத் தலையைச் சாய்த்தார், என் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க முயன்றார் போலிருந்தது. மற்றொன்று, ஐந்தாம் பாகத்தை யாராவது வாசித்துக் காட்டவேண்டும். முதல் நான்கு பாகமும் தமக்கு மனப்பாடம் என்றும், 'தியாகச் சிகர'த்தைக் கொட்டகையில் அவசரம் அவசரமாகப் படித்ததில் பாதி நினைவில் இல்லை என்றும் சொன்னார். அவ்வளவு வருடம் தம்மிடமே வைத்திருந்த புத்தகத்தைப் பற்றி அத்தை சொன்ன இந்தக் காரணத்தை நான் நம்பவில்லை; கேள்வியும் கேட்கவில்லை.

தொகுதிகளைச் சென்னைக்கே எடுத்து வந்தேன். புடவையை மறுவாரமே அனுப்பினேன். அண்ணி முதலில் தயங்கியதாகவும், அத்தை அன்றைக்கே உடுத்திக்கொண்டு பெரிய கோயிலுக்குப் போய்விட்டதாகவும் கேள்விப்பட்டேன்.

ஐந்தாம் பாகத்தில் 91 அத்தியாயங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் வாரம் ஒன்றாக வாசித்தேன். ஆரம்பத்தில் ஒரு கடமையாகத்தான் இருந்தது. உதட்டைப் பிதுக்கிய அந்த எழுத்து உரக்க வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டது என்பது பத்தாவது வாரத்தில் பிடிபட்டது. மூச்சு விடவேண்டிய இடங்களையெல்லாம் கல்கி முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அத்தை நடுவில் குறுக்கிடுவார். பூங்குழலி வரும் இடத்தில் இன்னொரு முறை படிக்கச் சொல்வார். பக்கத்தின் பின்புறம் என்ன விளம்பரம் இருக்கிறது என்று கேட்பார். லால்குடிப் பெண்ணின் பால் கணக்கு வந்தால் அதையும் வாசிக்கவேண்டும். அந்த வீட்டில் எந்த மாதத்தில் விருந்தாளி வந்தார்கள் என்று லிட்டர் வரும் முன்பிருந்த அந்தப் படிக்கணக்கை வைத்து ஊகிப்பார்.

ஒவ்வொரு முறையும் நான் ஆரம்பிக்கும் முன்னால், "இன்னிக்கி என்ன தேதி?" என்று கேட்பார். முதலிரண்டு வாரம் வெறுமனே பதில் சொன்னேன். மூன்றாவது வாரம் ஒரு பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டேன்.

1917 அல்ல, 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம்தான் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர் விட்டாள் என்று அத்தை பிறகு எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2019-இல் அத்தை காலமானார். தொகுதிகள் இப்போது என் அலமாரியில் இருக்கின்றன. பொட்டுக்கடலை மடித்து வந்த தாளை அண்ணி டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதை ஐந்தாம் பாகத்துக்குள் வைத்திருக்கிறேன். அதன் மூலையில் தாத்தாவின் தேதி. மற்ற 89 அத்தியாயங்களின் மூலையில் என்னுடையவை.